காப்புக்கு முன் ஒரு வாய்த் தண்ணீர்

சேரங்கோடு
12-2-1974

அக்காவுக்கும் மச்சானுக்கும் தம்பி செல்லையா எழுதுவது. கப்பலேறும்போது நீ கட்டிக்கொடுத்த ரொட்டி மண்டபம் முகாம் வரைக்கும் வந்தது. நானும் மருதாயியும் மரகதமும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். காட்டை வெட்டி இப்போதுதான் கன்று நட்டிருக்கிறது. லயத்து வரிசை வீடு புதுசு, ஆனாலும் தகரம் ஒழுகுகிறது. இருட்டினால் யானை வருகிறது. சாமான் வாங்கச் சேரம்பாடிக்குப் போனால் பாதிப்பேர் மலையாளம் பேசுகிறார்கள், நாம் பேசினால் சிரிக்கிறார்கள்.

மரகதத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உன் பாஸ்போர்ட் பேப்பர் சரியாகி நீ வந்து சேரும்வரை உன் மகள் என் பொறுப்பு. என் மகள் என்று சொல்லித்தானே கூட்டிவந்தேன், இங்கேயும் அப்படியேதான். வெளியில் என்னை அப்பா என்கிறாள். கதவைச் சாத்தினால் மாமா. எனக்குத்தான் பயம். ஆபீசில் யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால், தெரிந்துவிட்டதோ என்று நினைப்பு. தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கிற காம்பரா போகும், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். இந்தப் பயத்தை என் பெண்டாட்டி மருதாயியிடம்கூடச் சொல்லவில்லை.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எடுத்துவந்த பிடிமண்ணை ஒரு பலாமரத்தடியில் போட்டுக் கல் நட்டிருக்கிறோம். நம் அப்பா அங்கே சாமியாடியவர் என்று தெரிந்ததும், சித்திரைத் திருவிழாவுக்கு நான்தான் காப்புக் கட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அப்பா மேல் வந்த ஆத்தா என் மேல் வருவாளா அக்கா?

உன் தம்பி,
செல்லையா


மேமலைத் தோட்டம், ஹட்டன்
6-3-1974

தம்பி செல்லையாவுக்கு அக்கா ஆண்டாயி. எங்கள் சுகத்தைக் கேட்டாயே, சுகம் இருக்கிறது, மாவுதான் இல்லை. பாண் ரொட்டிக்கு விடியலிலேயே போய் வரிசையில் நின்றால், நம் முறை வரும்போது கடைக்காரன் பலகையைச் சாத்துகிறான். மரவள்ளிக்கிழங்கு வேகிற வீடுதான் இப்போது பணக்காரன் வீடு. மரகதம் அங்கே மூன்று வேளையும் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்கு அந்தக் கிழங்கும் இறங்குகிறது.

உன் பயத்தைப் படித்துச் சிரித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கக்கூசுக்குப் போகக்கூட என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தானே நீ. ஆபீசில் இருப்பவனுக்கு உன் மூஞ்சியைப் பார்ப்பதுதான் வேலையா?

காப்புக் கட்டுவது சந்தோஷம். ஆனால் அப்பா செய்ததை விட்டுவிடாதே. காப்புக் கட்டுகிற அன்றைக்கு அவர் சோறு தொடமாட்டார். லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசலில் நின்று ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். சண்டைக்காரன் வீடு, பேச்சு அறுந்த வீடு, நம் ஆட்கள் கை நனைக்காத வீடு, எல்லாம். நான் ஒருநாள் ஏன் என்று கேட்டதற்கு, "நெஞ்சுல ஒருத்தர் மேல கசப்ப வச்சுக்கிட்டு நின்னா, வர்றவ எதைத்தான் எடுத்துப் பேசுவா?" என்றார்.

ஆத்தா அவர் மேல் இறங்கியதும் முதல் வார்த்தை என்ன, ஞாபகம் இருக்கிறதா? எலுமிச்சம்பழம் கேட்கமாட்டாள், ஆடு கேட்கமாட்டாள். "எம்புள்ளைக சாப்பிட்டாச்சா?" என்பாள். அப்புறம்தான் வாக்கு. வேண்டுதலோடு நிற்கிற பெண்கள் அதைக் கேட்டதுமே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உன் வாயிலிருந்தும் அது வரட்டும்.

மரகதத்தை இரண்டு வரி எழுதச் சொல். அவள் எழுத்தைப் பார்த்து நாளாகிறது.

அக்கா


சேரங்கோடு
3-5-1974

அக்காவுக்கு. இங்கே எல்லாரும் சுகம்.

திருவிழா முடிந்தது. உடுக்கை அடிக்கக் கீழ்த் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. கரகம் ஆடாமல் நின்றது. கூழ் ஊற்றினோம். லயத்துப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் மற்றதையெல்லாம் சுருக்கமாக முடித்துக்கொண்டோம். ஆத்தா என் மேல் வந்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

விரதம் ஒழுங்காக இருந்தேன். வீடு வீடாகத் தண்ணீர் குடிப்பது மட்டும் இங்கே சரிப்படவில்லை. எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ வந்து சேர்ந்த சனம். யார் என்ன ஆள் என்றே தெரியாது. பின் வரிசையில் காத்தாயி என்று ஒருத்தி இருக்கிறாள், புருசன் இல்லை, ஒரு கைப்பிள்ளை. அவள் வீட்டில் நான் தண்ணீர் குடித்தால் மற்றவர்கள் என் கையால் திருநீறு வாங்கமாட்டார்கள். அதனால் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

மரகதத்துக்கு வேலை அதிகம். பிறகு எழுதுவாள். மழை இறங்கப் போகிற மாதிரி இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

செல்லையா


மேமலைத் தோட்டம், ஹட்டன்
25-5-1974

தம்பிக்கு. மச்சானுக்கு இருமல் விட்டபாடில்லை, மற்றபடி தள்ளிக்கொண்டு போகிறோம். நீங்கள் எப்படி?

உடுக்கையை எழுதினாய், கரகத்தை எழுதினாய், கூழைக்கூட எழுதினாய். ஆத்தா என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. சாமி வந்த வீட்டிலிருந்து வருகிற கடிதம் இப்படியா இருக்கும்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

இரண்டு வரி எழுத முடியாத அளவுக்கு என்ன வேலை மரகதத்துக்கு? நட்ட கன்றில் கொழுந்து எடுக்க இன்னும் நாள் ஆகுமே. அவளுக்கும் அம்மை போட்டிருந்தால் மறைக்காமல் சொல். போட்டது இறங்கும். தெரியாமல் இருப்பதுதான் இறங்காது.

அக்கா


மேமலைத் தோட்டம், ஹட்டன்
14-7-1974

செல்லையாவுக்கு. தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு பாதையில் திருப்புகிறான். எங்கள் சுகம் கிடக்கட்டும்.

நேற்றுக் கனவில் மரகதம் தலையை விரித்துக்கொண்டு மழையில் நின்றாள். உள்ளே வாடி என்றால் யார் வீட்டுக்குள் என்று கேட்கிறாள். நான் கனவுக்குப் பயப்படுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் எழுந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. என் பிள்ளை எங்கே?

ஆண்டாயி


சேரங்கோடு
10-8-1974

அக்காவுக்கு செல்லையா எழுதுவது. உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. சுகமா என்று விசாரிக்கக் கை கூசுகிறது. மச்சான் பக்கத்தில் இருக்கும்போது இதைப் படி.

மரகதம் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் என் வீட்டில் இல்லை.

அன்றைக்குக் கரகத்தோடு கல்லுக்கு முன்னால் வந்து நின்றேன். என் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தது மரகதம்தான். அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம். கண் திறந்தபோது வீட்டில் கிடக்கிறேன். உடுக்கைச் சத்தம் இல்லை. மருதாயி மூலையில் உட்கார்ந்துகொண்டு அந்நிய ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறாள். என்னடி என்றேன். "என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியாதா?" என்றாள்.

பிள்ளைகளுக்கு ஏன் தாயே இப்படிப் போட்டது என்று சனம் கேட்டிருக்கிறது. நான் கையை நீட்டிச் சொன்னேனாம்: "அடுத்தவன் மகளா வேசம் போட்டுக் கடல் தாண்டி வந்தவ ஒருத்தி என் முன்னாடி நிக்கிறா. அவ கால் வச்சதுலருந்துதான் எம்புள்ளைகளுக்குக் காந்துது. அவள வெளிய போடுங்க." யாரு யாரு என்று கூட்டம் கேட்க, என் விரல் மரகதத்தை விட்டு நகரவே இல்லையாம். அவள் குடத்தைக் கீழே போடவில்லையாம். மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நடந்துபோய்விட்டாளாம்.

நானா சொன்னேன்? மருதாயியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உடுக்கைக்காரனைக் கேட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். எல்லார் வாயிலும் ஒரே சொல்தான். கேட்கக் கேட்க எனக்குக் காது அடைத்துவிட்டது.

ஓடிப்போய்க் கூட்டிவரலாமே என்பாய். ஆத்தா வெளியே போடச் சொன்னவளை நான் எந்த வாயால் உள்ளே கூப்பிடுவது? அவள் போக இடமில்லாமல், வேப்பிலை செருகிய வீடாகப் பார்த்து நுழைந்துவிட்டாள். அம்மை வீட்டுக்குள் யாரும் துரத்திப்போக மாட்டார்கள் அல்லவா. அது காத்தாயி வீடு. இங்கே எல்லாப் பிள்ளைகளையும்விட அவள் பிள்ளைக்குத்தான் அதிகம் போட்டிருந்தது.

எனக்கு உறக்கம் வராதது ஒன்றால்தான். மரகதம் என் மகள் இல்லை என்பது நம் வீட்டு ஆட்களைத் தவிர ஓர் உயிருக்குத் தெரியாது. ஆத்தாளுக்கு எப்படித் தெரிந்தது? இலங்கையில் சொன்ன பொய்யை இந்தக் காட்டுக்குள் வந்து பிடித்துவிட்டாளே. இன்னும் என்ன கேட்கப்போகிறாளோ என்று பலாமரத்துப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

செல்லையா


மேமலைத் தோட்டம், ஹட்டன்
2-9-1974

செல்லையா, உன் கடிதத்தை மச்சான்தான் வாசித்தார். வெளியே போடுங்க என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். நான் பிடுங்கிப் படித்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. உன் சுகத்தை இந்தத் தடவை கேட்கமாட்டேன்.

ஆத்தாளுக்கு எப்படித் தெரிந்தது என்றா கேட்கிறாய், மடையா? உனக்குத் தெரியுமே, அது போதாதா? மாசியில் நீ எனக்கு எழுதியது என்ன? தெரிந்துவிடுமோ, வேலை போகுமோ, திருப்பி அனுப்புவார்களோ. ராவும் பகலும் அதையே நெஞ்சுக்குள் போட்டு உருட்டினாய். எதிரே அந்தப் பிள்ளை குடத்தோடு வந்ததும் அது வாய் வழியாக விழுந்துவிட்டது.

வந்தது ஆத்தா இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்பா மேல் வந்தவளேதான் வந்திருப்பாள். நீ கொண்டுபோனதும் அதே மண்தானே. புளித்த பானையில் ஊற்றினால் எந்தப் பாலும் திரியும். பாலைக் குற்றம் சொல்லாதே. அப்பாவுக்கு அவளைக் கண்டால் பசித்த பிள்ளை ஞாபகம் வந்தது. உனக்கு அவளைக் கண்டால் போலீஸ்காரன் ஞாபகம் வருகிறது. நாற்பது வயதுக்கு அப்புறமும் என் பாவாடை நுனியைத் தேடுகிறாய். கிடைக்காததற்கு என் மகளையா தள்ளிவிடுவாய்?

ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க அந்த வாசலுக்குப் போக உனக்குக் கால் வரவில்லை. இன்றைக்கு என் பிள்ளைக்குத் தூங்க இடம் கொடுத்தது அந்த வாசல்தான்.

ஆண்டாயி


சேரங்கோடு
5-10-1974

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மரகதம் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், சத்தியமாக. அப்பாவின் இருமலுக்கு ஆடாதோடை போட்டுக் கொடு. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. எழுதினால் அழுவாய் என்று எழுதவில்லை.

மாமாவைத் திட்டாதே அம்மா. அவர் பாதி உடம்பு ஆகிவிட்டார். என்னைப் பாதையில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு தேயிலைக்குள் இறங்கிவிடுகிறார். மருதாயி அத்தை மட்டும் சாயங்காலத்தில் குழம்பு கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போகும்.

அன்றைக்கு நான் உள்ளே போனபோது, காத்தாயி அக்கா பிள்ளையை வாழை இலையில் கிடத்தி வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தது. வெளியே சனம் கத்தியது அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. என்னைப் பிடித்துத் தள்ளும் என்றுதான் நினைத்தேன். "ஆத்தா உன்னை வெளிய போடச் சொன்னாளாமே?" என்றது. ஆமாம் என்றேன். "எம்புள்ள மேல இருக்கறவளும் ஆத்தாதான். காலையிலருந்து தண்ணி தண்ணிங்கறா. வேற ஒண்ணும் கேக்கல. அந்தச் செம்ப எடு" என்றது. எடுத்தேன். அப்படியே இருந்துவிட்டேன். பிள்ளைக்கு இப்போது தழும்பு மட்டும்தான். என் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

இன்னொன்று கேள், சிரிப்பாய். மாமா அத்தனை பயந்தாரே, விஷயம் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. மயில்சாமி என்று கோயமுத்தூர்க்காரர், இங்கே காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பவர், கூப்பிட்டு விட்டார். போய் நின்றேன். "ஏனுங்க, யாரு மகளா வேணா இருந்துட்டுப் போங்க. தேயிலை வேலை தெரியுமுங்களா? தெரியுமுன்னா நாளைக்கு வேலைக்கு வந்துருங்க" என்றார். அவ்வளவுதான் அம்மா. அதற்குத்தான் இத்தனையும்.

வரும் சித்திரைக்கும் மாமாதான் காப்புக் கட்டவேண்டும் என்கிறார்களாம், என்னை வெளியே போட்டதும் அம்மை இறங்கிவிட்டதாம், அவர் வாக்கு பலித்ததாம். அதைக் கேட்டால்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அடுத்து யார் மேல் விரல் போகுமோ.

உங்கள் மகள்,
மரகதம்


மேமலைத் தோட்டம், ஹட்டன்
18-3-1975

செல்லையாவுக்கு. ஆறு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மச்சான் இருமல் பரவாயில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

எங்கள் பேப்பர் வந்துவிட்டது. மழைக்கு முன்னால் கப்பலேறச் சொல்கிறார்கள்.

இந்த வருசமும் நீ காப்புக் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். கட்டு, கட்டாமல் போ. ஆனால் அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் ஒரு வாய்த் தண்ணீர் கேள். ஒரு வீடு விட்டுப்போனாலும் அப்பா பேரைச் சொல்லி வேப்பிலையைத் தொடாதே. கடைசி வீடு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா


சேரங்கோடு
27-4-1975

அக்காவுக்கும் மச்சானுக்கும் செல்லையா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம் என்று இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுதுகிறேன். நீங்கள் கப்பலேறும் நாளை எழுதவும். மண்டபத்துக்கு நான் வரலாமா என்று மச்சானைக் கேட்டு எழுது.

மரகதம் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. கூப்பிட்டேன். "அம்மா வரட்டும் மாமா, பாத்துக்கலாம்" என்றுவிட்டாள். எத்தனை கெஞ்சியும் அதில் இளகவில்லை. இந்த வருசம் காப்பும் நான் கட்டவில்லை. நல்ல நேரம் தாண்டுவதற்குள் வேறொருத்தனைப் பிடித்துக் கட்டினார்கள். அவன் மேல் ஆத்தா வரவே இல்லை. சனம் என்னைத்தான் வைகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

காப்பு நாளன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் காலையிலேயே கிளம்பினேன். முதல் வீட்டில் செம்பைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில், "போன வருசம் வழி தெரியலயாக்கும்?" என்று ஒரு பொம்பளை சிரித்தாள். குடிக்கக் குடிக்க வெறும் வயிற்றில் தண்ணீர் சளசள என்றது. பின் வரிசைக்குத் திரும்பினேன். நாலைந்து பேர் மறித்துக்கொண்டார்கள். "காத்தாயி வாசலுக்குப் போனீங்கன்னா உங்க கைத் திருநீறு எங்களுக்கு வேண்டாம்" என்றார்கள். எனக்கு வழக்கம்போலப் பயம்தான். ஆனாலும் போனேன். அவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

மரகதம் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சாம்பல். இடுப்பில் அந்தத் தழும்புப் பிள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அக்கா, அவள் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன். சாபம் கொடுத்திருந்தால் ஆத்தா வாக்கு என்று வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் போனேன். ஒரு வாய்த் தண்ணி என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அத்தனை பேர் நிற்கும்போது அப்பா என்று வேசம் போடாமல் கேட்டாள்:

"சாப்பிட்டீங்களா மாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடுக்கை இல்லை, கரகம் இல்லை, அவள் கையில் பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார்தான் இருந்தது. மேலெல்லாம் மயிர் சிலிர்த்துக்கொண்டது. போன வருசம் முழுக்க நான் பலாமரத்துப் பக்கம் போகாமல் நடுங்கியது யாரைப் பார்த்து என்று எனக்கே விளங்கவில்லை. விரதம் என்று சொல்லவேண்டியவன், "இல்லம்மா" என்றேன்.

உள்ளே வரச் சொன்னாள். காத்தாயி தட்டை வைத்தாள். கஞ்சியும் சுட்ட கருவாடும். கருவாட்டைத் தொட்டால் விரதம் போகும், காப்புப் போகும், அப்பாவுக்குப் பிறகு எனக்கென்று இருந்த ஒரே மரியாதையும் போகும் என்று தெரியும். வாசலில் சனம் பார்த்துக்கொண்டே நின்றது. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன் அக்கா.

தம்பி,
செல்லையா